உப்புத் தண்ணியிலயும் சாகாத தோட்டம்: வடசென்னை வீட்டுல ஒரு தடவ நட்டு வருஷக்கணக்கா பறிக்கிறது எப்படி

மொதல்லயே சொல்லிடறேன், நான் விவசாயி கெடையாது. திருவொற்றியூர்ல கடலுக்கு நடந்து போற தூரத்துல 800 சதுர அடி மனை, வீடு போக பின்பக்கம் ஒரு 200 சதுர அடி மண்ணு, மேல 450 சதுர அடி மொட்டை மாடி, இதான் என் நெலம் நீச்சு எல்லாம். இதுல தக்காளி, வெண்டை, கத்திரின்னு வருஷா வருஷம் விதை வாங்கிப் போட்டு மூணு வருஷம் நொந்துட்டேன். சித்திரை வந்தா போர் தண்ணி உப்பு ஏறி எல ஓரமெல்லாம் கருகிடும், ஐப்பசி வந்தா விடாத மழையில வேர் அழுகிடும், நடுவுல கெடைக்கிற நாலு மாசத்துல ஒன்றரை கிலோ தக்காளி பறிச்சு அத போட்டோ எடுத்து சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்புவேன், செலவு கணக்கு போட்டா அந்தக் காசுக்கு கோயம்பேட்டுல ஒரு பெட்டியே தூக்கிட்டு வந்திருக்கலாம்.

அப்புறம்தான் பக்கத்து வீட்டு ஆயா வாசல பாத்தேன். அது எந்தச் செடிக்கும் உரம் போட்டு நான் பாத்ததில்ல. ஒரு முருங்கை, ஒரு லச்சகொட்டை மரம், கொடிப்பசலை, பிரண்டை, சுண்டைக்கா, அவ்ளோதான், எதையும் அது மறுபடி நட்டதும் இல்ல, ஆனா தெனமும் கைல ஒரு முறம் கீரை. நான் என்ன சாப்பிட ஆசைப்படறேனோ அத நட்டுக்கிட்டு இருந்தேன், ஆயா இந்த மண்ணுல எது சாகாதோ அத வச்சுக்கிட்டு அத சமைக்க கத்துக்கிச்சு. கீழ எழுதறது முழுக்க அந்த ஒரு வித்தியாசத்துலேந்து வந்ததுதான்.

தண்ணியில ஆரம்பிங்க, செடியில இல்ல

நர்சரிக்கு போறதுக்கு முன்னாடி ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிடுங்க, ஒரு லிட்டர் தண்ணியில எத்தன மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற கருவி அது, பேனா சைஸ்ல இருக்கும், ஆன்லைன்ல சில நூறு ரூபாதான். போர் தண்ணிய மழை முடிஞ்ச தை மாசம் ஒரு தடவ, கத்திரி வெயில் நடுவுல ஒரு தடவ அளந்து பாருங்க. எங்க வீட்டுல தைல 900 காட்டின அதே போர் மே மாசம் 2300 காட்டுச்சு, அன்னிக்குத்தான் என் தக்காளி ஏன் செத்துச்சுன்னு புரிஞ்சுது. பொதுவா 450க்குள்ள இருந்தா எந்தச் செடியும் வரும், 450லேந்து 2000 வரைக்கும் பாத்துப் பாத்து நடணும், 2000 தாண்டிட்டா உப்பு தாங்கற ஜாதிய தவிர வேற எதுக்கும் ஆசைப்படாதீங்க. தண்டையார்பேட்டை, காசிமேடு, எண்ணூர்னு கடலோரமா இருக்கறவங்க இத கட்டாயம் பண்ணணும், மாதவரம், கொளத்தூர் பக்கம் இருக்கறவங்களுக்கு இந்தத் தொல்லை கம்மி, அவங்களுக்கு வேற தொல்லை இருக்கு, பின்னாடி சொல்றேன்.

உப்புத் தண்ணிதான் கதின்னா தெனமும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்காதீங்க. தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் மேல தங்கிடும், தொட்டி ஓரத்துல வெள்ளையா பொரிஞ்சு நிக்குது பாருங்க, அதான். ரெண்டு நாளைக்கு ஒரு தடவன்னாலும் தொட்டிக்கு அடியில தண்ணி வெளிய வர்ற வரைக்கும் ஊத்துங்க, உப்பு கீழ எறங்கிடும். மண்ணு மேல காஞ்ச எல, தேங்கா மட்டை, கரும்பு சக்கை எதையாவது நாலு விரக்கடை உயரத்துக்கு மூடி வைங்க. வெறும் மண்ணு வெயில் பாக்கவே கூடாது.

நல்ல தண்ணி எங்கேந்து வரும்னா, நம்ம தலைக்கு மேலேந்துதான். என் மாடிக்கு 10 மில்லிமீட்டர் மழை பேஞ்சா கணக்குக்கு 418 லிட்டர் வரும், செதறினது ஊறினது போனாலும் 300 லிட்டருக்கு கொறையாது. சென்னைக்கு வருஷத்துக்கு சுமாரா 1400 மில்லிமீட்டர் மழை, அதுல பாதிக்கு மேல ஐப்பசி கார்த்திகைலயே கொட்டித் தீத்துடும். எல்லாத்தையும் புடிச்சு வைக்க நம்ம கிட்ட எடம் கெடையாது, அதனால ரெண்டு 500 லிட்டர் டேங்க் நெப்பிட்டு மிச்சத்த போர் பக்கத்துல ஒரு உறை கெணறு எறக்கி அதுல விட்ருங்க. 2003ல எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சொன்னப்ப போட்ட பைப்பு பாதி வீட்டுல இப்பவும் சொவத்துல தொங்குது, கீழ போய் பாத்தா உறைல சிமெண்ட் மூட்டையும் ஒடஞ்ச சைக்கிளும் இருக்கும். அத தூர் எடுத்தாலே போதும், ரெண்டு மழைக்கு அப்புறம் மீட்டர் வச்சு பாருங்க, நம்பர் எறங்கும். ஒரே ஒரு விஷயம், வெயில் காலத்துக்கு அப்புறம் வர்ற மொத மழைய புடிக்காதீங்க, மாடில படிஞ்சிருக்கற சாம்பல் தூசி கரி எல்லாம் அதோடதான் வரும், அது ஓடட்டும்.

ஏசி தண்ணிய வீணாக்காதீங்க. காத்துல இருக்கற ஈரம்தான் அது, உப்பே கெடையாது, நம்ம ஊரு புழுக்கத்துக்கு ராத்திரி பூரா ஓடினா காலைல ஒரு பக்கெட் நெறைஞ்சிருக்கும், நான் கறிவேப்பிலைக்கு அது மட்டும்தான் ஊத்தறேன். ஆனா ஆர்ஓ மெஷின்லேந்து கழிஞ்சு வர்ற தண்ணி அதுக்கு நேர் எதிர், உப்ப எல்லாம் சேத்து வெளிய தள்ற தண்ணி அது, அத செடிக்கு ஊத்திட்டு மண்ணு சரியில்லன்னு சொல்றவங்கள நெறைய பேர பாத்திருக்கேன். அதுல வீடு தொடைங்க, பாத்ரூம் கழுவுங்க.

எல தொட்டியில, காய் தரையில

வடசென்னைல தோட்டம் போடறவங்க ஒரு உண்மைய ஒத்துக்கணும். நம்ம மண்ணு சுத்தமான மண்ணு கெடையாது. மணலி பக்கம் கம்பெனிங்க, எண்ணூர் பக்கம் அனல்மின் நிலைய சாம்பல், பழைய பட்டறைங்க, பெயிண்ட் வேலை நடந்த எடம், வெள்ளத்துல கால்வாய் ஏறி வந்த தெருவுங்க. மண்ணுல ஈயம் மாதிரி கன உலோகம் இருந்தா பொதுவா வேர்லயும் கீரைலயும்தான் அதிகமா சேரும், காய் பழத்துல கம்மியாதான் வரும். அதனால நான் வச்சுக்கிட்ட சட்டம், கீரையும் கெழங்கும் வெளியேந்து வாங்கின மண்ணு போட்ட தொட்டியில, காய் பழ மரம்லாம் தரையில. மனை இதுக்கு முன்னாடி பேட்டரி கடையா பட்டறையா இருந்துச்சுன்னா மண்ண ஒரு தடவ லேப்ல குடுத்து பாத்துடறது நல்லது. கால்வாய் கரைலேந்தோ கொடுங்கையூர் குப்பை மேட்டு பக்கத்துலேந்தோ யாராவது கருப்பா செழிப்பா இருக்கு பாருன்னு மண்ணு கொண்டாந்து குடுத்தா கும்புடு போட்டு அனுப்பிடுங்க. பறிச்ச கீரைய மூணு தண்ணியில அலசுங்க, மொத தண்ணி எந்தக் கலர்ல வருதுன்னு பாத்தீங்கன்னா நாலாவதும் அலசுவீங்க.

தொட்டிக்கு காசு செலவு பண்ணாதீங்க. காசிமேட்டுல ஐஸ் மீன் வர்ற தெர்மாகோல் பெட்டி கெடைக்கும், அடியில பென்சிலால நாலு ஓட்டை போட்டா ரெண்டு வருஷம் கீரைக்கு ஓடும், வெயில்ல உதிர ஆரம்பிச்சதும் மாத்திடணும், இல்லன்னா மாடி முழுக்க வெள்ளை முத்து பறக்கும். நீல கலர் 200 லிட்டர் டிரம்ம ரெண்டா அறுத்தா மரத்துக்கு சரியா இருக்கும், ஆனா நம்ம ஏரியால அந்த டிரம்ல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேக்காம வாங்கிடாதீங்க, கெமிக்கல் வந்த டிரம்ம எவ்ளோ கழுவினாலும் வேணாம், ஜூஸ் கம்பெனி சிரப்பு, ஊறுகா எண்ணெய் வந்த டிரம்மா பாத்து எடுங்க.

மாடில வைக்கறவங்க வெயிட்ட நெனச்சுக்கங்க. ஈர மண்ணு லிட்டருக்கு ஒன்றரை கிலோ வரும், அறுத்த பாதி டிரம் ஒண்ணு 150 கிலோ. காங்கிரீட் மாடின்னா சொவரும் பீமும் போற எடத்துக்கு மேல வரிசையா வைங்க. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைல இன்னும் மரக்கட்டை மேல செங்கல் அடுக்கி சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் தளம் இருக்கற வீடுங்க இருக்கு, அந்த மாடில டிரம் வேணவே வேணாம், கீரைப் பெட்டியோட நிறுத்திக்கங்க.

மண்ணுக் கலவை ரொம்ப யோசிக்க ஒண்ணுமில்ல, செம்மண்ணு ஒரு பங்கு, மக்கின சாணியோ வீட்டு கம்போஸ்ட்டோ ஒரு பங்கு, தேங்கா நார் தூள் ஒரு பங்கு. நார் தூள ரெண்டு மூணு தடவ ஊற வச்சு தண்ணி பிழிஞ்சு கொட்டிட்டு போடுங்க, அதுலயும் உப்பு இருக்கும். சாணிக்கு வியாசர்பாடி, மாதவரம் பக்கம் மாடு வச்சிருக்கறவங்க கிட்ட கேட்டா மூட்டை கணக்குல குடுப்பாங்க.

எத நடலாம்

முருங்கைலேந்து ஆரம்பிக்கலாம். முருங்கைய நட்டவன் வெறுங்கையோட போவான்னு சொல்லுவாங்க, வயசான காலத்துலயும் கோல் தேவைப்படாதாம். விதை போட்டு வர்ற செடி முருங்கை, பிகேஎம் 1 ரகம் மாதிரி, ஆறேழு மாசத்துலயே காய்க்கும், ஆனா நீண்ட நாள் நிக்கற மரம் வேணும்னா நல்லா காய்க்கற மரத்துலேந்து போத்து வாங்கி நடுங்க. கை தடிமன், நாலு அடி நீளம், வெட்டின உடனே நடாம நெழல்ல மூணு நாலு நாள் போட்டு வச்சு பால் காஞ்சதும் ஒன்றரை அடி ஆழத்துல நட்டு, மேல் முனைல சாணி உருண்டை வச்சு விடணும். சாணி எதுக்குன்னா வெட்டு வாய் காஞ்சு உள்ள வெடிக்காம இருக்கவும் மழைத் தண்ணி எறங்காம இருக்கவும்தான். முதல் மாசம் தண்ணி அதிகமா ஊத்தினா அழுகிடும், மண்ணு காஞ்சா மட்டும் ஊத்துங்க. அது ஏழெட்டு அடி போனதும் கைக்கு எட்டற உயரத்துல தலைய ஒடிச்சு விடுங்க. பாதி பேர் முருங்கைய முப்பது அடிக்கு விட்டுட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கறாங்க, வேதாளத்துக்கு வேணா அது வசதி, நமக்கு கீரை பறிக்கறதுதான் வேலை.

லச்சகொட்டைக் கீரை தெரியுமா உங்களுக்கு? பழைய மெட்ராஸ் வீட்டு வாசல்ல வெளிர் பச்சையும் மஞ்சளுமா பெரிய பெரிய எலையோட நிக்குமே, அது. இப்ப புதுசா வர்றவங்க அத அழகுச் செடின்னு நெனச்சு கடந்து போயிடறாங்க. கடலோரத்து ஜாதி அது, உப்புக் காத்து, உப்புத் தண்ணி எதுவும் அதுக்கு பெருசா தெரியாது, என் போர் 2300 காட்டின மாசத்துல கூட தளதளன்னு நின்ன ஒரே செடி அதான். ஒரு குச்சிய ஒடிச்சு நட்டா வந்துடும். கொழுந்து எலைய பொடியா நறுக்கி, பாசிப்பருப்பு போட்டு வெங்காயம் வதக்கி பொரியல் பண்ணா வாசனையோ கசப்போ இல்லாம பசலைக்கும் முட்டைக்கோஸுக்கும் நடுவுல ஒரு ருசி. எங்க வீட்டு பசங்க கீரைன்னு தெரியாமலே சாப்பிட்டாங்க. வாய்வுக்கு நல்லதுன்னு ஆயா சொல்லும், எனக்கு அது பத்தி தெரியாது, எனக்கு அது நாளைக்கும் இருக்கும்ங்கறதே போதும். கட்டை மட்டும் ரொம்ப சோப்ளாங்கி, காத்துல ஒடியும், அதனால ஆளு உயரத்துக்கு மேல விடாதீங்க.

மாடி கீரைங்கள்ல பொன்னாங்கண்ணிக்கு நர்சரி போகவே வேணாம். மார்க்கெட்டுல ஒரு கட்டு வாங்கி எலைய ஆஞ்சு சமைச்சுட்டு தண்ட ஒரு சாண் வெட்டி ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி சொருகினா பத்து நாள்ல துளிர்க்கும், மொத வெட்ட மட்டும் தூக்கிப் போட்டுடுங்க, அந்தக் கட்டு எந்தத் தண்ணில வளந்துச்சுன்னு நமக்கு தெரியாது இல்லயா. புதினாவும் அதே மாதிரிதான். கொடிப்பசலை ஒரு தடவ ஏறிட்டா விதை விழுந்து தானா வந்துக்கிட்டே இருக்கும். வல்லாரை ஏசி தண்ணி சொட்டற எடத்துல, நெழல்ல. தூதுவளைக்கு முள்ளு, அத பாதை ஓரம் வைக்காதீங்க. பிரண்டைய ஒரு மூலைல போட்டு மறந்துடுங்க.

இப்ப எல்லாரும் வாங்கற ரெண்டு கீரை பத்தி கொஞ்சம் உஷாரா இருக்கணும். தவசிக்கீரை, அதான் மல்டிவைட்டமின் கீரைன்னு விக்கறாங்களே, குச்சில வரும், வருஷக்கணக்கா நிக்கும், நல்ல கீரைதான், ஆனா பச்சையா அரைச்சு ஜூஸ் குடிக்காதீங்க. 1990கள்ல தைவான்ல எடை கொறையும்னு இதோட பச்சை சாற தொடர்ந்து குடிச்சவங்களுக்கு நுரையீரல் நிரந்தரமா கெட்டுப் போச்சு. அளவா, வேக வச்சு, வாரத்துக்கு ஒரு நாள் போதும். இன்னொண்ணு சாயா கீரை, மெக்சிகோ பக்கத்து மரக்கீரை, அதுல சயனைடு வர்ற சத்து இருக்கு, 20 நிமிஷம் நல்லா கொதிக்க வச்சாதான் போகும், மூடி போடாம வேக வைங்க. பச்சையா ஒரு எல கூட வேணாம்.

வாழைக்கு எடம் குளிக்கற தண்ணி வெளிய வர்ற பக்கம். துணி தொவைக்கற மெஷின் தண்ணிய அதுல விடாதீங்க, பவுடர்ல இருக்கற உப்பும் சோடாவும் மண்ண இறுக்கிடும், குளிக்கற சோப்புத் தண்ணி பரவால்ல. உப்பு தாங்கறதுல கற்பூரவள்ளியும் மொந்தனும் மத்ததவிட தேவலாம், பஜ்ஜிக்கு மொந்தன், பழத்துக்கு கற்பூரவள்ளி, ரஸ்தாளிக்கெல்லாம் ஆசைப்படாதீங்க. எல ஈட்டி மாதிரி ஒல்லியா இருக்கற பக்கக்கன்னா பாத்து எடுங்க, அகல எல விட்ட கன்னு பாக்க சோக்கா இருக்கும், வேகம் இருக்காது. ஒரு தாய், ஒரு மக, ஒரு பேத்தி, மூணு தலைமுறை மட்டும் ஒரு குத்துல விட்டுட்டு மத்த கன்னுங்கள வெட்டிடணும். ஒரு தார் வர ஒன்னேகால் வருஷம் கூட ஆகலாம், ஆனா எலை, பூ, தண்டு எல்லாம் நடுவுலயும் கடைசிலயும் கெடைக்குது, ஒண்ணும் வீண் இல்ல.

கோவக்காய்க்கு பந்தல் வேணும். காசிமேட்டுல கிழிஞ்ச நைலான் வலை கெடைக்கும், அத மாடில நாலு சவுக்குக் கட்டைக்கு நடுவுல இழுத்து கட்டிட்டா கொடி புடிச்சு ஏற அதவிட நல்ல பந்தல் வேற இல்ல. வலைய உப்பு போக அலசிட்டு கட்டுங்க, கண்ணி சின்னதா இருந்தா அணில், ஓணான்லாம் மாட்டிக்கும், கொஞ்சம் பெரிய கண்ணியா எடுங்க. பென்சில் தடிமன்ல ஒரு சாண் கொடி, காய் கசக்காத கொடிலேந்து வாங்கி நட்டா ரெண்டு மூணு மாசத்துல காய்.

கத்திரிக்காய விட்டுட மனசில்லன்னா சுண்டைக்கா செடி மேல ஒட்டு கட்டின கத்திரி நாத்து கெடைக்குது, வேர் சுண்டைக்காயோடதுங்கறதால வாடல் நோய் கம்மி, கவாத்து பண்ணி பண்ணி ரெண்டு மூணு வருஷம் ஓட்டலாம். ஒட்டுக்கு கீழ துளிர்க்கறத கிள்ளிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா ஒரு நாள் பாத்தா கத்திரி காணாம போயி சுண்டைக்கா காய்ச்சிருக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு, வத்தக்குழம்பு வச்சு சாப்பிட்டோம்.

பப்பாளி வைங்க, ஆனா மேட்டுல வைங்க, ரெண்டு நாள் வேர்ல தண்ணி நின்னா போச்சு. கறிவேப்பிலைய முட்டி உயரத்துல கிள்ளி விட்டா பொதர் ஆகும், எலையா உருவாம கொம்பா ஒடிங்க. எலுமிச்சை, உப்புத் தண்ணி வீட்டுக்கு வேணாம். சப்போட்டா உப்பையும் காத்தையும் தாங்கும், எடம் இருந்தா ஒண்ணு வைங்க. தென்னைக்கு எங்க கிட்ட எடம் இல்ல, அத பத்தி தெரிஞ்சவங்க கிட்ட கேட்டுக்கங்க.

மீன் தலையும் வெல்லமும்

உரத்துக்கு நம்ம ஏரியாவுக்கு ஒரு வரம் இருக்கு, மீன் கழிவு. மீன் கழுவின தண்ணிய முருங்கைக்கு ஊத்தறது நம்ம வீடுங்கள்ல யாரும் சொல்லிக் குடுக்காமலே நடக்கறதுதான், அத கொஞ்சம் முறையா பண்ணா மீன் அமிலம். மொத தடவ நான் மீன் வெட்டற அக்கா கிட்ட போய் தலை, குடல், செதிலெல்லாம் கவர்ல போட்டுக் குடுங்கன்னு கேட்டப்ப அக்கா அருவாமணைலேந்து கைய எடுக்காமலே நிமிர்ந்து பாத்துச்சு.

"இன்னாத்துக்கு தம்பி, பூனை வளக்குறியா?"

"இல்லக்கா, செடிக்கு."

"செடி மீன் துன்னுமா? சரி சரி, கவலை மீன் கழிவு எடுத்துனு போ, அதுல எண்ணெய் ஜாஸ்தி."

ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ நாட்டு வெல்லம். கழிவ நல்ல தண்ணில ஒரு தடவ அலசிட்டு சின்னதா வெட்டி, பொடிச்ச வெல்லத்தோட பெசஞ்சு ஒரு பிளாஸ்டிக் டப்பால போட்டு மூடி நெழல்ல வச்சிடணும். கண்ணாடி பாட்டில் வேணாம், வாயு கட்டி வெடிக்கும். டப்பாவ முக்கா பங்குக்கு மேல நெப்பாதீங்க, மூடிய ரெண்டு நாளைக்கு ஒரு தடவ லேசா தெறந்து காத்த விட்டு மூடுங்க. மொத வாரம் வீட்டுல உங்கள வெளிய போகச் சொல்லுவாங்க. மூணாவது வாரம் அந்த கவிச்சி போயி பழ வாசனை மாதிரி புளிப்பா ஒண்ணு வரும், செதிலும் முள்ளும் அடியில தங்கி மேல தேன் கலர்ல கெட்டியா நிக்கும், 21 நாள்லேந்து ஒரு மாசத்துக்குள்ள வந்துடும். கவிச்சி அப்படியே இருந்தா வெல்லம் பத்தல, இன்னும் கொஞ்சம் போடுங்க. வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி கலந்து எலைக்கு தெளிக்கலாம், வேர்க்கு ஊத்தறதுன்னா 10 மில்லி. அதுக்கு மேல போனா செடி கருகும். சாயங்காலமா தெளிங்க, தெளிச்ச அன்னிக்கு மாடி கதவ மூடி வைங்க, தெரு பூனை மொத்தமும் மீட்டிங் போடும். அடில நின்ன முள்ளையும் சக்கையையும் வாழைக்கு ஒரு அடி ஆழத்துல பொதைச்சுடுங்க, மேலாப்ல பொதைச்சா காக்கா, எலி, நாய் எல்லாம் சேந்து தோண்டிடும். கருவாட்டு கழிவு மட்டும் வேணாம், உப்பு.

புரட்டாசில அருவா எடுங்க

நடறதுக்கு நல்ல நேரம் ஆவணி, சாயங்கால மழை ஆரம்பிச்சிருக்கும், பெரு மழைக்கு முன்னாடி வேர் புடிச்சுடும். தெருவுல தண்ணி நிக்கற ஏரியான்னா அவசரப்படாம தை மாசம் நடுங்க. வியாசர்பாடி, கொளத்தூர், மாதவரம் பக்கம் களிமண்ணா இருக்கற எடத்துல குழி தோண்டி மரம் வைக்காதீங்க, அந்தக் குழி கார்த்திகைல கெணறாயிடும், செங்கல் அடுக்கி ஒன்றரை ரெண்டு அடி மேடு கட்டி அது மேல வைங்க. எங்க பக்கம் மணலு, தண்ணி நிக்காது, உரமும் நிக்காது.

புரட்டாசி கடைசிக்குள்ள முருங்கை, லச்சகொட்டை, அகத்தி எல்லாத்தையும் நாலு அடிக்கு வெட்டிடுங்க. நானும் மனசு வராம விட்டவன்தான். 2016 டிசம்பர் 12 வர்தா அன்னிக்கு என் முருங்கை பக்கத்து வீட்டு ஷீட்டு மேல சாஞ்சு ஷீட்டு ரெண்டா போச்சு, மரத்துக்கு ஒண்ணும் ஆகல, மூணு வாரத்துல அடிக்கட்டைலேந்து துளிர் விட்டுச்சு, ஷீட்டுக்கு நான்தான் காசு குடுத்தேன். வெட்டி விட்ட மரத்துக்கு காத்து புடிக்க ஒண்ணும் இருக்காது, பிப்ரவரில புது கொம்புல பூ வைக்கும்.

மழை விட்டதும் முருங்கை தண்டுல கம்பளிப்பூச்சி கும்பலா ஒட்டிக்கிட்டு இருக்கும். சின்னதா இருக்கும்போதே ஒரு லிட்டர் தண்ணில 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து அடிச்சா விழுந்துடும், பந்தம் கொளுத்தினா பட்டையும் சேந்து வேகுது. மேல பட்டுட்டா சொறியாதீங்க, செல்லோடேப் ஒட்டி ஒட்டி எடுங்க, முடி அதோட வந்துடும், அப்புறம் சோப்பு போட்டு கழுவுங்க.

வெள்ளம் வந்துட்டா, தண்ணி தொட்ட கீரை எதையும் சாப்பிடாதீங்க, அது சாக்கடையும் கலந்த தண்ணி. தரையோட வெட்டிப் போட்டுட்டு அடுத்த துளிருக்கு காத்திருங்க. இதுக்குத்தான் வருஷக்கணக்கா நிக்கற செடின்னு சொல்றது, வேர் இருந்தா போதும், தோட்டம் இருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்ப எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்துச்சே, எங்க தெருவுக்கு வெறும் தண்ணிதான் வந்துச்சு, சில தெரு தள்ளி சொவத்துல எல்லாம் முழங்கால் உயரத்துக்கு கருப்பா கோடு. அந்த மாதிரி எண்ணெய் படிஞ்ச மண்ண கழுவி எல்லாம் பாக்காதீங்க, மேல் மண்ணு அரை அடிய வழிச்சு எடுத்து அப்புறப்படுத்திட்டு, சாப்பிடற செடி எதையும் அங்க வைக்காம மாடியோட நிறுத்திக்கங்க.

தன்னிறைவு வாழ்க்கைன்னு வீடியோல பேசறவங்க மாதிரி நான் பேச மாட்டேன், அரிசி பருப்பு எனக்கு இன்னும் ரேஷன் கடையும் அண்ணாச்சி கடையும்தான். வாரத்துல நாலு நாள் கீரை, கறிவேப்பிலை புதினா காசு குடுத்து வாங்கறது இல்ல, பங்குனி மாசத்துலேந்து முருங்கைக்காய் தெருவுக்கே, வருஷத்துக்கு ரெண்டு மூணு வாழைத் தார், மழை விட்ட மாசங்கள்ல கோவக்காய் போதும் போதும்னு. 2019ல புழல் ஏரி வத்திப் போயி லாரிக்கு குடத்த வரிசைல வச்சுட்டு தூங்காம ஒக்காந்திருந்தோமே, அந்த வருஷமும் முருங்கையும் லச்சகொட்டையும் பிரண்டையும் சாகல.

குச்சி எங்க கெடைக்கும்னு கேக்கறவங்களுக்கு, நர்சரில லச்சகொட்டை எல்லா எடத்துலயும் இருக்காது, உங்க தெருவுலயே பழைய வீட்டு வாசல பாத்துக்கிட்டே நடங்க, இருக்கும், கேட்டா ஒடிச்சு குடுப்பாங்க. நானும் புரட்டாசில வெட்டும்போது போத்து எல்லாத்தையும் வாசல்ல கட்டு கட்டி சாத்தி வைப்பேன். போன வருஷம் அந்த மீன் வெட்டற அக்கா மகன் வந்து ரெண்டு கட்டு தூக்கிட்டு போனான், இப்ப கவலை மீன் தலைய எனக்கு தனியா எடுத்து வைக்கறாங்க.